கசாமாவில் ஒரு சோழன்

கமலாம்பிகை காரணம் தேடிச் சந்தேகப்படுகிற ஆளல்ல. முதலில் சந்தேகம் வரும். காரணம் ஆறுதலாகப் பின்னால் வந்து சேரும். பால்காரன் விசிலடித்துக்கொண்டு போனால், நேற்றைய பாலை வைத்துவிட்டுப் போகிறான் என்பாள். காஸ் மீற்றர் பார்க்க வருகிறவனுடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றச் சொல்வாள். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் உலர்சலவைக் கடையில் அவளுக்கு அரைநாள் வேலை. சலவைக்கு வருகிற கோட்டுகளின் பைகளைத் துழாவிப் பார்ப்பது அங்கே அவளுடைய பொறுப்பு. ஒன்பது வருஷமாக அந்தப் பொறுப்பை வேறு ஒருவரிடமும் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் அவளைக் குற்றம் சொல்ல வாய் வராது. தங்கை வசந்தமலருக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, கார்ட்டும் அடித்தாயிற்று. கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிற சங்கதி வெளியே வந்தது. வசந்தமலர் அழவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல பாண் ரொட்டித் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போய்விட்டாள். அவள் வாய்விட்டு அழுதிருந்தால் கமலாம்பிகைக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அன்றைக்கே சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சொன்னாள்: “இனி என்ரை தங்கச்சிக்கு எவன் வந்தாலும், தோலை உரிச்சுப் பாத்துப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை விடுவன்.”

வந்தவன் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருந்தான். மேல்மாடிச் சின்ன அறையில் ஆறு மாதமாக வாடகைக்கு இருந்த யோகராஜா. முப்பத்தொன்பது வயது. ஸாம்பியா நாட்டில் கசாமா என்கிற ஊரில் ஏழு வருஷம் வாத்தியாராக இருந்து, பூமிசாஸ்திரமும் கணக்கும் படிப்பித்தவன். இங்கே வந்து பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டே, இந்த நாட்டில் படிப்பிப்பதற்கான சோதனைக்கும் படித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பான். சத்தமில்லாமல் மாடிப்படி ஏறுவான். அந்தச் சத்தமில்லாத நடைகூடக் கமலாம்பிகைக்குப் பிடிக்கவில்லை.

1991 மே மாதம் ஒரு பின்னேரம், இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அவளுடைய புருஷன் இராஜேந்திரன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடியே கதையைத் தொடங்கினார்.

“கமலம், உவன் யோகராஜா தங்கமான பெடியன். மலருக்குக் கேட்டா என்ன? சாதகமும் பாத்திட்டன்.”

“ஆரைக் கேட்டுப் பாத்தனீங்கள்?”

“சரி, இப்ப உன்னட்டைத்தானே கேக்கிறன்.”

“ஏழு வருஷம் ஒரு ஆம்பிளை ஆபிரிக்காவில தனிய இருந்தவனாம். தனிய! அதை நீங்கள் நம்பிறியள்.”

“நானும் இஞ்ச நாலு வருஷம் தனியத்தானே இருந்தனான்.”

“அதையும்தான் நான் முழுக்க நம்பேல்லை” என்றாள் கமலாம்பிகை. இராஜேந்திரன் மற்றச் சப்பாத்தையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் யோசனை அவளை விடவில்லை. வசந்தமலருக்கு முப்பத்திநாலு. இனி ஒரு சம்பந்தம் வருமோ வராதோ. அதைவிட, யோகராஜா தேத்தண்ணி குடிக்கக் கீழே வருகிற நேரங்களில் தங்கை தலையை இழுத்துக் கட்டிக்கொள்வதை அவள் கவனித்திருந்தாள். கவனிக்காமல் விடுகிற கண்ணா அது? தங்கைக்கு அவனில் விருப்பம். அதனால்தான் பயம் இரண்டு மடங்காயிற்று. இரண்டாந்தரமும் ஒருத்தன் ஏமாற்றினால் அவள் தாங்கமாட்டாள் என்று கமலாம்பிகைக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அடுத்த கிழமை அந்தக் கடிதம் வந்தது. நீலநிற வான்கடிதம், ஸாம்பியா முத்திரை, யோகராஜாவின் பெயர். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் வெறும் முதலெழுத்துகளும் ஒரு பள்ளிக்கூடத்தின் தபால்பெட்டி இலக்கமும். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி சும்மா வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் கடிதத்தை ஒரு நிமிஷம் பிடித்தாள், அவ்வளவுதான். பசை தானாகவே விட்டுக்கொடுத்தது.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளிப் பிள்ளையின் வட்டமான கையெழுத்து. அவளுக்கு விளங்கியது இவ்வளவு:

‘அன்புள்ள அப்பா, உங்கள் மகன் எழுதிக்கொள்வது. மழை முடிந்துவிட்டது, இப்போது குளிர் தொடங்குகிறது. அம்மா சுகம். சின்ன அம்மாவும் சுகம். இரண்டு பேரும் நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்கிறார்கள். இந்த வருஷம் எனக்குக் கடைசிச் சோதனை. பூமிசாஸ்திரத்தில் நான்தான் முதலாவது. உங்கள் அன்பு மகன், சோழா.’

கமலாம்பிகை அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் இருந்தாள். திரும்ப ஒருக்கால் வாசித்தாள். அம்மா ஒன்று. சின்ன அம்மா ஒன்று. “ஐயோ கடவுளே, ஒண்டில்லை, ரெண்டு!” என்று வெறும் குசினிக்குச் சொன்னாள். அதைவிடப் பெரிய அத்தாட்சி கடைசி வரியில் இருந்தது. சோழா! ஆபிரிக்காவில் எந்தத் தாய் தன் பிள்ளைக்குச் சோழன் என்று பெயர் வைப்பாள்? தமிழன் ஒருத்தன் பக்கத்தில் நின்று வைத்த பெயரல்லாமல் வேறென்ன? ராசராசனையும் ராசேந்திரனையும் படித்த வாத்தியார் வைத்த பெயர். கள்ளன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கடிதத்தை அரிசிப் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

நேரே கேட்டிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் கேட்டால், கடிதம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவன் திருப்பிக் கேட்பான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, அவனைக் கீழே கூப்பிட்டு இருத்தினாள். இராஜேந்திரனும் வசந்தமலரும் கூட இருந்தார்கள். எஸ்.எஸ்.சி.யில் பூமிசாஸ்திரத்துக்குத் திறமைச் சித்தி எடுத்தவள் கமலாம்பிகை. சகாராப் பாலைவனம், நைல் நதி, கொங்கோக் காடு எல்லாம் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வாள். ஆபிரிக்கா என்றால் அவளுக்கு வெயில்.

“தம்பி, அங்க இப்ப என்ன காலம்?”

“குளிர்காலம் துவங்குது அக்கா. ஜூனில சில விடியக்காலமையில பள்ளத்துப் புல்லில உறைபனி கிடக்கும். சூவெற்றர் இல்லாமல் வெளிக்கிட ஏலாது.”

“ஆபிரிக்காவில உறைபனி!” என்றாள் கமலாம்பிகை, புருஷனைப் பார்த்து.

“அது பூமத்திய ரேகைக்குத் தெற்கு. நாலாயிரம் அடிக்கு மேல மேட்டுநிலம், கமலம்” என்றார் இராஜேந்திரன்.

“உங்களைக் கேக்கேல்லை. தம்பி, சாப்பாடு?”

“குரக்கன் களிதான் அக்கா. எங்கட அதே குரக்கன், இந்தியாக்காரர் கேழ்வரகு எண்டுறது. மரக்கொப்புகளை வெட்டிக் குவிச்சு எரிச்சு, அந்தச் சாம்பலில விதைப்பினம். குரக்கனே அந்தப் பக்கத்திலயிருந்துதான் எங்களிட்டை வந்ததெண்டும் சொல்லுறவை. மழை துவங்க மயிர்க்கொட்டிப் புழுவும் பிடிச்சுக் காயவைச்சுப் பொரிப்பினம்.”

“சீ! நீங்கள் சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டது வசந்தமலர்.

“முதல் வருஷம் இல்லை. ரெண்டாம் வருஷம் ஒண்டு. மூண்டாம் வருஷம் கடதாசிச் சரை சரையா.”

வசந்தமலர் சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது. கமலாம்பிகை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்தப் பிள்ளை விழுந்துவிட்டாள், இனி ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

“அங்க வசதியான ஆக்கள் ரெண்டு பொம்பிளை வைச்சிருப்பினமோ தம்பி?”

“சிலபேர் அப்பிடியும் இருக்கினம் அக்கா.”

“வீட்டில பிரச்சினை வராதோ?”

“ஒற்றுமையா இருந்தா என்ன பிரச்சினை?” என்றான் யோகராஜா, வடையை எடுத்தபடி.

அடப்பாவி, கூசாமல் சொல்கிறானே! “அப்ப உங்களுக்கும் அங்க பிள்ளையள் இருப்பினம், என்ன?” என்று சிரித்துக்கொண்டே தூண்டிலைப் போட்டாள்.

“ஓம் அக்கா, வருஷத்துக்கு நாப்பது அம்பது!” என்று அவனும் சிரித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சொல்கிறான் என்று மற்ற இருவருக்கும் விளங்கியது. கமலாம்பிகைக்கு, ஆள் எவ்வளவு சுழியன், கேள்வியை எப்படித் தட்டிவிட்டான் பார் என்று பட்டது. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்த திருப்தியோடு கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

அன்றைக்கே தங்கையிடம் சொன்னாள். “உவனுக்கு அங்க பெண்சாதி பிள்ளை இருக்குது. விட்டுப்போடு.”

“ஆர் சொன்னது?”

“எனக்குத் தெரியும்.”

“அவரிட்டைக் கேட்டனீங்களோ அக்கா?”

“கேட்டா ஓம் எண்டு சொல்லப்போறானோ? ரொறன்ரோக்காரன் சொன்னவனோ?”

வசந்தமலர் குழாயைத் திறந்தாள். கையிலிருந்த கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். ரொறன்ரோ என்ற சொல்லுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கமலாம்பிகையை எதிர்த்துக் கதைப்பதில்லை. இராஜேந்திரனும் தலையைச் சொறிந்ததோடு சரி.

யோகராஜாவிடம் கமலாம்பிகை, ஊரிலிருந்து மச்சாள் வருகிறாள், அறை வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமையே அவன் ஒற்றைச் சூட்கேசோடு கீழே வந்தான். சட்டனில் கஸ்பர் என்ற சிநேகிதனுடைய வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வைத்தான். வாசலில் நின்று, “அக்கா, நான் ஏதும் பிழை விட்டிருந்தா நேர சொல்லுங்கோ” என்றான். “ஒரு பிழையும் இல்லைத் தம்பி” என்றாள் அவள். மேலே ஒரு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

அதோடு விட்டிருந்தால் கதை வேறு. ஆனால் இனியும் கடிதம் வரும், தங்கையின் கையில் அகப்படும், பழைய காயம் திரும்பக் கிளறப்படும் என்று கமலாம்பிகைக்குப் பயம். அந்தப் பொடியனிலும் ஒரு கோபம், காரணமில்லாத கோபம். வான்கடிதம் ஒன்று வாங்கி, பள்ளிக்கூட விலாசத்துக்குத் தானே ஆங்கிலத்தில் எழுதினாள். ‘உன்னுடைய தகப்பன் இப்போது இங்கே இல்லை. இனிக் கடிதம் எழுதாதே’ என்பதுதான் அவள் நினைத்தது. அது உண்மையும்கூட. அதைத் தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, முத்து முத்தாக எழுதினாள்: ‘யுவர் ஃபாதர் இஸ் நோ மோர் ஹியர்.’ கீழே ‘மிஸிஸ் இராஜேந்திரன்’ என்று கையெழுத்து வைத்து, எச்சில் தொட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டாள்.

ஐந்து கிழமை போயிற்று. வசந்தமலர் ஷிப்டுக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சோறு போட்டால் சாப்பிட்டாள். கமலாம்பிகை அவளைக் காப்பாற்றிவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, கால்மிதியில் ஒரு கடிதஉறை கிடந்தது. உறையின் நாலு ஓரத்திலும் யாரோ அடிமட்டம் வைத்துப் பேனாவால் கறுப்புக் கரை கீறியிருந்தார்கள். ‘காலஞ்சென்ற திரு. யோகராஜா அவர்களின் குடும்பத்தாருக்கு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

கமலாம்பிகை அதைத் தூக்கி இரண்டு தரம் வாசித்தாள். “ஐயோ, ஆள் செத்துப்போச்சோ?” சட்டனில் என்ன நடந்தது? ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? என்னதான் இருந்தாலும் ஆறு மாதம் தன் கைச் சமையல் சாப்பிட்டவன். கண் கலங்கிவிட்டது. சப்பாத்தையும் கழற்றாமல் மாடிப்படியில் இருந்து உறையைக் கிழித்தாள்.

‘அன்புள்ள அம்மா,’ என்று தொடங்கியது அந்த வட்டக் கையெழுத்து. ‘உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை நம்பாமல் எங்கள் ஆங்கில ஆசிரியரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பிறகுதான் நம்பினேன்.’

கமலாம்பிகை அந்த வரியில் நின்றுவிட்டாள். ‘நோ மோர்’ என்று தன் கை எழுதியது நினைவுக்கு வந்தது. வெஸ்ட் ஈலிங் கோயிலடியில் ஒட்டுகிற மரண அறிவித்தல்களில் எத்தனை தரம் வாசித்திருப்பாள் அந்த இரண்டு சொல்லை! அவனைக் கொன்றது வேறு யாருமில்லை, தான்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

‘மூன்று நாள் துக்கம் காத்தோம். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இருந்தார்கள். பெண்கள் உள்ளே அழுதார்கள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள். மூத்த மகன் என்பதால் எனக்குத் தலை வழித்தார்கள். உடல் இல்லாததால், அவர் விட்டுவிட்டுப் போன மழைக் கோட்டைப் பாயில் வைத்தோம்.

அம்மா, உங்களுக்கு என்னைத் தெரியாது. என்னைப் பெற்ற அப்பா செப்புச் சுரங்கத்தில் இறந்தபோது எனக்கு வயது ஐந்து. எனக்கு அந்த அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், சோழா எங்கள் பக்கத்துப் பழைய பெயர். நீங்கள் இல்லையென்று எழுதிய என் அப்பா, நான் பள்ளிக்குப் போகாமல் தண்ணீர் சுமப்பதைக் கண்டு என்னைப் பள்ளியில் சேர்த்தவர். பிள்ளையைப் படிக்க வைப்பவரை எங்கள் வழக்கத்தில் அப்பா என்றுதான் அழைப்போம். அம்மாவும் சின்ன அம்மாவும், அதாவது அம்மாவின் தங்கையும், அவரைச் சோழாவின் அப்பா என்றே அழைப்பார்கள். ஏழு வருஷத்தில் ஒரு நாளும் அவர் முற்றத்தில் நின்று கூப்பிடாமல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இங்கேயே கலியாணம் செய்யச் சொன்னோம். தன்னுடைய ஆட்களில் பெரியவர்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்று சிரிப்பார்.

போன கடிதத்தில், தான் இருக்கிற வீட்டில் ஓர் அக்கா எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பவர் என்று எழுதியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் ஏமாற்றமாட்டார்கள், அவருக்குத் திருப்தி வரும்வரை காத்திருப்பேன் என்றும் எழுதினார். அந்த அக்கா நீங்களா? அவர் எப்படி இறந்தார்? கடைசியில் கஷ்டப்பட்டாரா? எந்த மண்ணில் கிடக்கிறார்? அம்மா கேட்கச் சொன்னார்.’

வாசித்து முடித்தபோது கமலாம்பிகை அழுதுகொண்டிருந்தாள். சின்னம்மா! தன்னுடைய தாயின் தங்கையைத் தான் என்னவென்று கூப்பிட்டாள்? அப்பாவின் அண்ணனைப் பெரியப்பா, தம்பியைச் சித்தப்பா என்று வாய் நிறைய அப்பாக்களை வைத்துக்கொண்டு வளர்ந்தவள், அதே சொல்லை ஆங்கிலத்தில் கண்டதும் பெண்டாட்டிக் கணக்குப் போட்டிருக்கிறாள். இந்த விசர் வேலையை ஒரு வெள்ளைக்காரி செய்திருந்தால் மன்னிக்கலாம்.

எழும்பிக் குசினிக்குப் போனாள். காஸ் அடுப்பை மூட்டினாள். கடிதம் கையில் இருந்தது. கொளுத்திவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கடிதம் உடைத்தது, அவனைத் துரத்தியது, பொய் சொன்னது எதுவும் வெளியே வராது. தங்கை அவளைப் பழையபடி அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று ஒரு தாய் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். அந்தப் பொடியன் தலை வழித்துப்போட்டு உயிரோடு இருக்கிறவனுக்கு அழுகிறான். கமலாம்பிகை அடுப்பை நிறுத்தினாள்.

நாலரைக்கு வசந்தமலர் வந்தாள். கமலாம்பிகை இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்து, தான் எழுதியதையும் வாயால் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வசந்தமலர் நின்றபடியே வாசித்தாள். மாவு படிந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நீ ஆளைச் சாக்கொண்டுபோட்டாய் அக்கா” என்றாள். முப்பத்திநாலு வருஷத்தில் அவள் அக்காவை ‘நீ’ என்றது அதுதான் முதல்தரம். “அவரை மட்டுமில்லை. என்னையும் சேத்து.”

“உனக்காகத்தானே மலர்...”

“எனக்காக எண்டு சொல்லாதை. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ? அண்டைக்கும் கேக்கேல்லை, இண்டைக்கும் கேக்கேல்லை.” குரல் உடைந்துவிட்டது. மூன்று வருஷ அழுகையும் ஒன்றாக வந்தது. கமலாம்பிகை தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். பிறகு மேலே போய், இரவு வேலைக்காகப் படுத்திருந்த இராஜேந்திரனை எழுப்பி, “அத்தான், சட்டனுக்குப் போன் எடுங்கோ” என்றாள்.

அடுத்த நாள் காலை யோகராஜா வந்தான். கமலாம்பிகை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னறையில் இருந்து தன்னுடைய செத்தவீட்டைப் பற்றித் தானே இரண்டு தரம் வாசித்தான். கத்துவான், ஏசுவான் என்று அவள் காத்திருந்தாள். அப்படி ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, “அவன்ர சோதனை நேரம் அக்கா” என்று மட்டும் சொன்னான். “போன் எடுக்கலாமோ?”

தொலைபேசி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கசாமாவுக்கு இணைப்புக் கிடைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எடுத்த கிளாக்கர் யோகராஜாவின் பெயரைக் கேட்டதும், கடவுளே என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். இரண்டாம் தரம் தலைமையாசிரியர் எடுத்து, நிறையக் கேள்வி கேட்டு, வகுப்பிலிருந்து பொடியனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். வரட்டும், திரும்ப எடுங்கள் என்றார். மூன்றாம் தரம் எடுத்தபோது சோழா வந்தான். வயர் வழியே வந்த குரல் இறுகிப்போயிருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

“நீங்கள் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

யோகராஜா அவர்களுடைய பாஷையில் ஏதோ சொன்னான். பொடியன் ஆங்கிலத்திலேயே திரும்பக் கேட்டான்.

“நீங்கள் என்னை முதன்முதல் கண்டபோது என் கையில் என்ன இருந்தது?”

“இரண்டு மஞ்சள் வாளி. ஒன்றுக்குக் கைபிடி இல்லை.”

“சரி” என்றான் பொடியன். “ஆனால் இறந்தவருக்கும் அது தெரிந்திருக்குமே.”

யோகராஜா றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினான். பிறகு சோழாவே கேட்டான்: “அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? கடிதம் எழுதியவரிடம் கொடுங்கள்.”

கமலாம்பிகை றிசீவரை இரண்டு கையாலும் வாங்கினாள். இரவு முழுக்க ஆங்கிலத்தில் யோசித்து வைத்திருந்த வசனமெல்லாம் பறந்துபோயிற்று. “நான்தான் அந்தக் கடிதம் எழுதினது. பிழையாய் எழுதிப்போட்டன். உன்ரை அப்பா இஞ்சதான் நிக்கிறார்” என்று தமிழில் தொடங்கி, பிறகு தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். “அவர் உயிரோடு இருக்கிறார். நான் கெட்ட எண்ணத்தில் எழுதினேன். என்னை மன்னித்துக்கொள்.”

“அம்மா,” என்றான் சோழா. கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னான். “போன மாதம் இல்லை என்று எழுதினீர்கள். இப்போது இருக்கிறார் என்கிறீர்கள். இரண்டும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் எதை நம்ப?”

எத்தனை பேரை வாசலில் நிறுத்தி அட்டை கேட்டிருப்பாள். இப்போது காட்டுவதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை. “பேசுகிறவர் அவருக்கு என்ன முறை?” என்று அவன் திரும்பக் கேட்டான். வீட்டுக்காரி என்று சொல்ல நா எழவில்லை. வேறு என்ன சொல்வது? றிசீவரைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றாள்.

படியில் நின்ற வசந்தமலர் இறங்கி வந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற யோகராஜாவைத்தான் நேராகப் பார்த்தாள். அவள் கண்ணால் கேட்டதற்குச் சம்மதமாக அவன் மெல்லத் தலையை ஆட்டினான். அவள் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி றிசீவரை எடுத்தாள்.

“சோழா, நான் வசந்தமலர்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “உன்னுடைய அப்பாவின் மனைவி. அவர் என் பக்கத்தில் நிற்கிறார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சட்டனிலிருந்து வந்திருக்கிறார், முகம் வழிக்கவில்லை, சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை. செத்தவர் அப்படி வருவாரா?”

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை. பிறகு பொடியன் யாரையோ கூப்பிட்டுக் கத்தினான், அங்கே நிறையக் குரல்கள் ஒன்றாகக் கேட்டன. யோகராஜா படியில் இருந்து முகத்தை மூடிக்கொண்டான்.

தாலி ஏறாமல் எப்படி மனைவி, எந்த நாளில் தீர்மானித்தீர்கள், ஆரைக் கேட்டுச் சொன்னாய் என்று கமலாம்பிகையின் வாயில் மூன்று கேள்விகள் வந்து நின்றன. அவள் ஒன்றையும் கேட்கவில்லை. அவளிடமும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.